அழுது எழுந்த பிறகு

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து இந்த வருஷம் ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். சிலருடைய குடும்பம் தாத்தா தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே சபையில் இருக்கிறது. சிலர் வீட்டில் நீங்கள்தான் முதல் ஆள். எழுப்புதல் கூட்டத்தில் அழுதீர்கள், முன்னால் வந்து முழங்கால் போட்டீர்கள். சந்தோஷம். எழுந்து வீட்டுக்குப் போனபின் என்ன செய்வது என்பதை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். மூப்பன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: வேதம் நமக்குச் சாதகமாகப் பேசும்போது எவரும் தலையாட்டிவிடலாம், தப்பு உன் பக்கம் என்று அது சொல்லும்போது பணிகிறவர்தான் மனந்திரும்பியவர்.

1. கண்ணீரை வைத்து அளக்காதீர்கள்.

யூதாஸும் வருத்தப்பட்டான். குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக வாயால் ஒத்துக்கொண்டான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய் எறிந்தான். மத்தேயு 27-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். வருத்தம், அறிக்கை, பணத்தைத் திருப்புவது எல்லாமே அங்கே இருக்கிறது. ஆனால் அவன் போனது ஆசாரியர்களிடம். அவர்கள் கைவிரித்தார்கள். ஆண்டவரிடம் போகாமல், தனியாகவே போய்த் தன் முடிவைத் தேடிக்கொண்டான். பேதுருவும் மூன்று முறை மறுதலித்தவர்தான், மனங்கசந்து அழுதவர்தான். கரையில் நிற்பது ஆண்டவர் என்று தெரிந்ததும் படகு கரை சேரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்தார் (யோவான் 21).

ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் தன்னைத்தானே வெறுத்துக்கொண்டிருப்பதை மனந்திரும்புதல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உங்களுக்குள் இருக்கலாம். அது வேறு. உயிர்மேலேயே வெறுப்பு வருகிற அளவுக்கு மனம் கனத்தால் ஒளிக்காதீர்கள். எந்நேரமானாலும் பாஸ்டருக்கோ எனக்கோ போன் பண்ணுங்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவும் நாங்கள் இருக்கிறோம்.

2. யாருக்குத் தீங்கு செய்தீர்களோ, அவர் வாசலுக்குப் போங்கள்.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பலிமுறை என்று பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் தொடக்கத்தில் இருப்பது நம்முடைய அன்றாட விஷயம். ஒருவன் நம்பிக் கொடுத்துவைத்ததை இல்லை என்று சாதித்தவன், பறித்தவன், கண்டெடுத்ததை மறைத்தவன் என்ன செய்யவேண்டும்? பொருளை முழுசாகத் திருப்பவேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும், பிறகுதான் பலியைக் கொண்டுவரவேண்டும். நூறு வெள்ளி எடுத்தவர் நூற்றிருபது கொடுக்கவேண்டும் என்று கணக்கு. சகேயு அதையும் தாண்டி நாலு மடங்கு என்றார். கொடு என்று யாரும் அவரைக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

தோட்டத்துக் கடைகளில் கடன் எழுதும் 555 நோட்டை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. அரிசி, சீனி, நெத்திலி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், தோட்டம் கைமாறி சனங்கள் டவுன் அடுக்குமாடி வீடுகளுக்குக் கிளம்பிய சமயத்தில், பாக்கியைக் கட்டாமலே வந்துவிட்டார். பல வருஷம் கழித்து மனந்திரும்பினார். அதற்குள் கடைக்காரத் தவுக்கே இறந்துபோயிருந்தார். மகன் டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். இவர் தேடிப்போய், உங்கள் அப்பாவுக்கு இவ்வளவு தரவேண்டியிருந்தது, ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்திருக்கிறேன் என்று மலாயில் சொல்லி உறையை மேசைமேல் வைத்தார். அந்தச் சீனருக்குப் புரியவில்லை. நன்கொடை கேட்டு வந்திருக்கிறார் என்று எண்ணி, கல்லாவைத் திறந்து ஐந்து வெள்ளியை எடுத்து நீட்டினார். விஷயம் விளங்கியதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி, அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முழுத்தொகை கையில் இல்லாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். மாதம் ஐம்பது வெள்ளியானாலும் தேதி தவறக்கூடாது. பட்ட கடனை வைத்துக்கொண்டு அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடாதீர்கள். அது உங்கள் காசு இல்லை.

3. உங்கள் வேலையைப் பற்றி வேதத்திடம் கேளுங்கள்.

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் வந்தவர்கள் தாங்கள் செய்யவேண்டியது என்ன என்று கேட்டார்கள். இத்தனை மணி நேரம் ஜெபம் செய் என்று அவர் சொல்லியிருக்கலாம். வரி வசூலிப்பவரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். படைவீரரிடம் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே, கிடைக்கும் சம்பளம் போதும் என்று இரு என்றார் (லூக்கா 3). அவரவர் செய்யும் தொழிலுக்குள்ளேயே கையை விட்டார்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்துவந்து ஸ்டோரில் வரிசையாக நிற்பார்கள். கிராணி எடை பார்ப்பார், மெட்ரோலாக்கை உள்ளே விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். அந்த ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் திருட வழி இருந்தது. வெட்டுகிறவர் வாளியில் தண்ணீர் கலக்கலாம். எழுதுகிறவர் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதலாம்; எழுத்தறியாத அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? ஆராதனையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடமுடியும். கள்ளத் தராசையும் படியையும் கர்த்தர் அருவருக்கிறார் என்று நியாயப்பிரமாணமும் நீதிமொழிகளும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. உங்களில் பாதிப்பேர் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை செய்கிறீர்கள். பொய் எம்.சி. வாங்கி லீவு போடுவதும், செய்யாத ஓவர்டைமை எழுதுவதும் இந்தத் தலைமுறையின் தண்ணீர் கலந்த பால். குத்தகை எடுத்து ஆள் வைத்திருக்கும் தம்பிகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்; நாட்டுச் சட்டப்படியும் அது குற்றம். அவர் கூலியை நாள் கடத்தாதீர்கள். கொடுக்காத கூலியின் கூக்குரல் கடவுளின் காதுக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. நம் பாட்டன்மாரைக் கங்காணி ஏய்த்த கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதையே இன்னொரு நாட்டு ஏழைக்குச் செய்துவிட்டு எந்த முகத்தோடு இராப்போஜனம் எடுப்பது?

4. குடியை விடுகிறவர்களுக்கு.

தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் உண்டு. கொடுத்த கூலி அங்கேயே திரும்பிப் போகும். போர் முடிந்த கையோடு, பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1947-இல் போலீசோடு மோதலாகி உயிரும் போனது. அது சபை நடத்திய இயக்கம் கிடையாது. ஆனாலும் குடியை ஒரு தோட்டம் முழுவதன் பிரச்சினையாகப் பார்க்கும் கண் அந்த வாலிபர்களுக்கு இருந்தது. குடித்துவிட்டு வரும் ஒரே ஆளை மட்டும் முன்னால் நிறுத்தித் திட்டும் நம் சபைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். பல வருஷம் நாள் தவறாமல் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பும் வரலாம். அதைப் பிசாசு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஜெபமும் செய்வோம், அரசாங்க மருத்துவமனைக்கும் போவோம்.

5. யோசியாவையும் அவர் மகனையும் சேர்த்துப் படியுங்கள்.

2 இராஜாக்கள் 22-ஐயும் எரேமியா 36-ஐயும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்த புத்தகத்தைச் சாப்பான் என்ற எழுத்தர் ராஜாவின் முன்னால் வாசித்தார். யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். முன்னோர்கள் இதற்குச் செவிகொடுக்கவில்லை, கோபம் நம்மேல் இருக்கிறது என்றார். பழைய புத்தகம், காலம் மாறிவிட்டது என்று ஒதுக்கவில்லை. உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பி, இதற்கு என்ன பொருள் என்று விசாரித்தார்.

வருஷங்கள் போயின. அவர் மகன் யோயாக்கீம் குளிர்கால அரண்மனையில் கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார். எரேமியா சொல்ல, பாருக்கு எழுதிய சுருளை வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறார், சுருள் தீரும்வரை. அப்பா கிழித்தது தன் சட்டையை, மகன் அறுத்தது புத்தகத்தை. எரிக்கவேண்டாம் என்று கெஞ்சிய அதிகாரிகளில் ஒருவர் கெமரியா. அவர் சாப்பானின் மகன். அப்பாவுக்கு வாசித்தவரின் மகன், மகனிடம் கெஞ்சிப் பார்க்கிறார். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

தலைமுறை தலைமுறையாகச் சபையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. பாட்டியின் பக்தி பேரனுக்குச் சொத்தாக வராது. இன்றைக்கு யாரும் வேதத்தை நெருப்பில் போடுவதில்லை. பிடிக்காத அதிகாரம் வந்தால் தாவிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். யோயாக்கீம் எரித்த சுருளை எரேமியா மறுபடி எழுதவைத்தார். முன்னதைவிட அதிக வார்த்தைகளோடு.

6. வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடாதீர்கள்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து எடுக்கும் அட்டையை நானும் எடுக்கிறேன். எரேமியா 29-இல் எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் பற்றிய அந்த ஒரு வசனம் யார் கைக்கு வந்தாலும் முகம் மலரும். அதற்கு மேலே உள்ளதைப் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, உன்னைச் சிறைபிடித்தவர்களின் ஊர் நன்றாயிருக்க ஜெபம் செய் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பும் நாளைப் பார்த்திருக்கமாட்டார்கள். வாக்குத்தத்தம் வேண்டும், கட்டளை வேண்டாம் என்று பிரித்தெடுப்பதும் ஒருவகையில் சுருளை அறுப்பதுதான்.

7. தினமும் கொஞ்சம் படியுங்கள்.

பால் வெட்டத் தெரிந்தவர் பட்டையை மெல்லிசாகத்தான் சீவுவார். ஒரே நாளில் எல்லாப் பாலையும் எடுக்க நினைத்து உளியை ஆழமாக விட்டால் மரத்தில் காயம் படும். பிறகு அந்த இடம் முண்டு முடிச்சாகிவிடும். உபவாச வாரத்தில் முப்பது அதிகாரம் படித்துவிட்டு மூன்று மாதம் புத்தகத்தைத் தொடாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் போதும். முதலில் லூக்கா, பிறகு ஆதியாகமம், சங்கீதம் நடுநடுவே.

பழைய தமிழ் நடை கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழைக் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பின்னால் பப்ரிசியுஸ் பல வருஷம் உழைத்தார், 1871-இல் பவர் குழுவின் திருத்தம் வந்தது. சாதாரண சனம் வாசித்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே அவர்கள் பாடுபட்டார்கள்.

8. பாஸ்டரையும் மூப்பரையும் வேதத்தின் கீழே வையுங்கள்.

இதை எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான். பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 அவர்களைப் பாராட்டுகிறது. கைப்பேசியில் சென்னையிலிருந்தும் வேறெங்கிருந்தும் வரும் பிரசங்கத்தைக் கேளுங்கள், தடுக்கவில்லை. இன்ன தொகை அனுப்பினால் இன்ன ஆசீர்வாதம் என்று பேச்சு வந்தால் அங்கேயே அணைத்துவிடுங்கள். கனவைச் சொல்லி நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்டு என்னிடம் வராதீர்கள். கேட்கும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

9. சாதியை வாசலில் அல்ல, முற்றிலும் விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் ஒரே லயத்தில் குடியிருந்தோம், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தோம். கல்யாணப் பேச்சு வந்ததும் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி எழுகிறது. சபைக்குள்ளும் எழுகிறது. இது புதிய வியாதி இல்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று எழுதி அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய பிளவே உண்டானது. நாம் மனமுருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் அந்த வழக்கில் சாதிப் பழக்கத்தைக் காக்கும் பக்கம் நின்று எழுதியவர். அவர் பாட்டை நான் கடைசிவரை பாடுவேன். அந்தக் கருத்தை ஏற்கமாட்டேன். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார் (கலாத்தியர் 2). அப்போஸ்தலனுக்கே அந்த நிலை என்றால், வரன் பார்க்கும் நம் அத்தை மாமாவுக்கு விலக்கு கிடையாது. கல்யாணமாகாத பிள்ளைகள் வீட்டில் இதைப் பணிவாக, ஆனால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

10. இந்து வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு.

அப்பா அம்மாவின் சாமி படத்தில் கை வைக்காதீர்கள். அது அவர்கள் வீடு. அவர்கள் மனதைக் கிழித்துவிட்டு வந்து சாட்சி சொல்லாதீர்கள். எந்தச் சடங்கில் நிற்பது, எதில் விலகுவது என்ற கேள்வி கட்டாயம் வரும். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. எஜமானோடு ரிம்மோன் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று நாகமான் கேட்டபோது எலிசா அவரைச் சமாதானத்தோடே அனுப்பிவைத்தார் (2 இராஜாக்கள் 5). அதை அவசரமில்லாமல் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்கு என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குக் காசு இல்லை, கூட்டத்துக்குக் கொடுக்க இருக்கிறது என்றால், அந்தக் காணிக்கையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போங்கள்.

11. மன்னிப்பைக் கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.

மனைவியை அடித்துவந்த ஒருவர் மனந்திரும்பியதாகச் சொல்லி, வேதத்தை விரித்துக் காட்டி, நீ என்னை மன்னித்தே ஆகவேண்டும் என்று அவளை நெருக்கினால், அவர் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். கை மட்டும் மாறியிருக்கிறது. அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வர எத்தனை நாள் எடுத்தாலும் காத்திருப்பது அவர் கடமை. திரும்பி வராமலும் போகலாம். போலீசில் புகார் கொடுத்த பெண்ணைச் சபையில் யாரும் குறைசொல்லக்கூடாது. இந்த நாட்டில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, அதன் பாதுகாப்பைத் தேடுவது விசுவாசக் குறைவு ஆகாது. தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் பேசியபோது, தாவீதால் வேதனைப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்றுதான் பேசினார்.

12. சாட்சி சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய பாவத்தை ருசித்து விவரிக்கவேண்டாம், கூட இருந்தவர் பெயரை இழுக்கவேண்டாம்.

13. மறுபடியும் விழுந்தால்.

விழுவீர்கள். 1517-இல் லுத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். விழுந்த வாரத்தில்தான் சபைப்பக்கம் வர வெட்கமாக இருக்கும். பேசாமல் இரண்டு வாரம் போகும், பிறகு ஆறு மாதம் போகும். அந்த முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். கெடாவில் ஞாயிறு வேலைநாள், பள்ளியும் உண்டு. அது உங்களுக்கு நல்ல சாக்காகவும் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு வர முடியாதவர்கள் ஞாயிறு ராத்திரி ஜெபத்துக்கு வாருங்கள். ஷிப்ட் முடிந்து சட்டை மாற்ற நேரமில்லையென்றால் யூனிஃபார்மோடேயே வந்து பின்பெஞ்சில் உட்காருங்கள், சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்கிறேன்.